எழுபத்தோராவது நிமிடத்துச் சங்கு

தாயில்பட்டி
10.4.2005

பிரியமுள்ள தங்கை ஞானஜோதிக்கு அண்ணன் சாம்சுந்தர் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நான், உன் அண்ணி, பிள்ளைகள் எல்லோரும் சுகம். கோயம்புத்தூரில் நீயும் மாப்பிள்ளை ஜேசுதாசனும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். மாப்பிள்ளைக்கு முட்டுவலி தேவலையா?

கிறிஸ்துமஸுக்குக்கூட ஒரு கார்டு போடாதவன் இப்போது பக்கம் பக்கமாக எழுதுகிறானே என்று நினைப்பாய். காரியம் இருக்கிறது. நம் கம்பெனி மழைக்கோப்பைக்கு இந்த வருடம் வெள்ளி விழா. மழை பெய்தால் பட்டாசு மருந்து காயாது, வேலை இல்லை, அதனால் பொட்டலில் பந்து விளையாடுவோம் என்று 1980-இல் விளையாட்டாக ஆரம்பித்தது, சுற்றுவட்டாரத்தில் எட்டு கம்பெனி டீம் மோதும் போட்டியாக வளர்ந்து நிற்கிறது. விழாவை ஒட்டி மேனேஜர் ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார். இருபத்தைந்து சீசனில் எந்த ஃபார்வர்டு ஆடிய சீசன் ஆகச் சிறந்தது என்று ஒரு கமிட்டி முடிவு செய்யும். அவன் படம் 2006 காலண்டர் அட்டையில் வரும். நாற்பதாயிரம் காலண்டர், ஜோதி! வடக்கே டில்லி வரை ஏஜெண்டு கடைகளில் தொங்கும்.

கமிட்டியில் முக்கால்வாசிப் பேர் கதிரவன் பெயரைச் சொல்கிறார்கள். 1985-இல் அவன் இருபத்தேழு கோல் அடித்தான், அதுதான் இன்றைக்கும் ரெக்கார்டு. 1987-இல் என் கணக்கு இருபத்திரண்டு என்று நோட்டில் இருக்கிறது. ஆனால் நான் அடித்தது இருபத்தெட்டு. கடைசி ஆட்டத்தில் வெம்பக்கோட்டை டீமுக்கு எதிராக ஆறு கோல் போட்டேன். எழுபத்தோராவது நிமிடத்தில் கம்பெனி சங்கு ஊதியது. மழை விட்டு வெயில் வந்தால் சங்கு ஊத வேண்டும், ஊதினால் எல்லோரும் வேலைக்கு ஓட வேண்டும், பாதியில் நின்ற ஆட்டத்தின் கோல் செல்லாது. விதி உனக்கே தெரியும். ஆனால் அன்றைக்கு மழை விடவில்லை! அரை மணி நேரம் கழித்தும் பெய்துகொண்டுதான் இருந்தது. யாரோ வேண்டுமென்றே ஊதினார்கள்.

யாரோ என்ன யாரோ. கதிரவன்தான். முழங்கால் போய் ஆட்டத்தை விட்டவன், டைம் ஆபீஸ் வராந்தாவில்தான் உட்கார்ந்திருந்தான். தன் ரெக்கார்டு கண்ணெதிரே போவதைப் பொறுக்காமல் சுவிட்சை அமுக்கியிருக்கிறான். பதினெட்டு வருடமாக இது என் நெஞ்சில் முள்ளாக இருக்கிறது. இந்த முறை அவனை மேடையில் வைத்து நாறடிக்காமல் விடமாட்டேன்.

அப்போது டைம் ஆபீஸ் கிளார்க் நீ. "சங்கை ஊதியவர் கதிரவன்" என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. போனில் சொன்னால் கமிட்டிக்குச் செல்லாது, எழுத்தில் வேண்டும்.

அண்ணி உனக்கு அன்பு சொல்லச் சொன்னாள்.

அன்புள்ள அண்ணன்,
சாம்சுந்தர்

*

கோயம்புத்தூர்
2.5.2005

அன்புள்ள அண்ணனுக்கு ஜோதி எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம். அவருக்கு முட்டுவலி அப்படியேதான் இருக்கிறது, லாரி ஓட்டுவதை விடச் சொன்னால் கேட்கவா போகிறார். அண்ணிக்கு என் ஸ்தோத்திரம் சொல்லுங்கள்.

பதில் தாமதமானதற்கு வேலைதான் காரணம். ஆஸ்பத்திரித் துணி அறையில் இப்போது நான் ஒருத்திதான். நர்சுமார் யூனிஃபார்ம் மட்டும் நாளுக்கு நூற்று நாற்பது. கஞ்சி போட்டு, தேய்த்து, பெயர் பார்த்து அடுக்கி, காலை ஆறு மணிக்குள் கொடுத்துவிட வேண்டும்.

நீங்கள் கேட்ட தாள் இதனுடன் இல்லை. அன்றைக்கு நான் வேலையில் இல்லை அண்ணா. 1987 அக்டோபர் பத்து, சனிக்கிழமை. ஒரு வாரம் முன்பே லீவு எழுதிக் கொடுத்திருந்தேன். எதற்கு லீவு போட்டேன் என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கும் என்று நினைக்கிறேன்.

பிள்ளைகளுக்கு முத்தங்கள்.

தங்கை,
ஞானஜோதி

*

தாயில்பட்டி
9.5.2005

அன்புத் தங்கை ஜோதிக்கு. இங்கே எல்லோரும் சுகம். வெயில்தான் மண்டையைப் பிளக்கிறது. அங்கே குளுகுளு என்று இருப்பாய்.

லீவு எதற்கென்று எனக்கு எப்படி ஞாபகம் இருக்கும்? காய்ச்சல், தலைவலி ஏதாவது இருந்திருக்கும். நீ வேலையில் இல்லாவிட்டால் என்ன, திரும்ப வேலைக்குப் போனபோது யார் ஊதினார்கள் என்று பேச்சு அடிபட்டிருக்குமே. அதை எழுது.

அந்த ஆட்டம் மட்டும் இன்றைக்கும் என் கண்ணுக்குள் ஓடுகிறது. ஒன்பதாவது நிமிடம் தலையால் முதல் கோல். இருபதில் இடது காலால். முப்பத்துமூன்றில் கோலி கையில் பட்டு உள்ளே போனது, அதையும் கோல் என்றுதான் சொல்வார்கள். இடைவேளை முடிந்து நாற்பத்தெட்டில் ஒன்று. அறுபதில் ஐந்தாவது. ஆறாவது இருக்கிறதே, எழுபதாவது நிமிடம், சேற்றில் நாலு பேரைத் தாண்டி கோலியையும் உட்கார வைத்துவிட்டு உள்ளே தட்டினேன். அது மாதிரி ஒரு கோலை இந்த வட்டாரத்தில் அதற்கு முன்னும் யாரும் அடித்ததில்லை, பின்னும் அடித்ததில்லை.

நேற்று டீக்கடையில் கதிரவனோடு வாக்குவாதம். விளையாட்டுப் பத்திரிகையை விரித்துக் காட்டினேன். இங்கிலாந்தில் டிக்ஸி டீன் என்பவர் 1927-28 சீசனில் முப்பத்தொன்பது லீக் ஆட்டத்தில் அறுபது கோல். ஜெர்மனியில் ஜெர்ட் முல்லர் 1971-72-இல் முப்பத்துநாலு ஆட்டத்தில் நாற்பது. மொத்தத்தைப் பார்த்தால் டீன்தான். ஆனால் முல்லருக்கு ஆட்டம் குறைவு, காலம் வேறு, தடுப்பாட்டம் வேறு. மொத்தமா, சராசரியா, எதிரே நின்றவர்களின் தரமா? உலகமே இதை அலசுகிறது, நாம் அலசக் கூடாதா? "அண்ணாச்சி, 85-ல மழை கொட்டித் தீத்துச்சு, ஒங்களுக்குப் பத்தொம்பது ஆட்டம் கெடச்சுச்சு. 87-ல பதிமூணே ஆட்டம். பதிமூணுல இருவத்தெட்டு பெருசா, பத்தொம்பதுல இருவத்தேழு பெருசா?" என்று கேட்டேன்.

அவன் டீயை ஆற்றிக்கொண்டே, "பெருசுதாம்லே, யாரு இல்லன்னா? நோட்டுல இல்லியே, என்ன செய்ய?" என்றான். நோட்டில் ஏன் இல்லை என்பதைத்தான் ஊர் அறியச் சொல்லப் போகிறேன் என்றேன். டீ கிளாஸை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான். குற்றம் செய்யாதவன் எழுந்து போவானா?

தாளை உடனே அனுப்பு. மாப்பிள்ளைக்கு என் வாழ்த்துகள்.

அண்ணன்,
சாம்

*

தாயில்பட்டி
20.6.2005

ஜோதிக்கு அண்ணன் எழுதுவது. சுகமா? ஆறு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்புக்கு ஏதும் முடியவில்லையா என்று அண்ணி கவலைப்படுகிறாள்.

கமிட்டி இரண்டாகப் பிரிந்துவிட்டது. நாலு பேர் அவன் பக்கம், மூன்று பேர் என் பக்கம். மேனேஜர், "சாட்சி இருந்தாக் கொண்டாங்க சாம், பாப்பம்" என்கிறார். உன் ஒரு தாள் வந்தால் எல்லாம் புரண்டுவிடும். காலண்டரில் என் படம் வருவது இருக்கட்டும். எனக்கு இப்போது அதைவிட அவன் முகம் தொங்குவதைப் பார்க்க வேண்டும் என்றிருக்கிறது. பதினெட்டு வருடம் அண்ணாச்சி, அண்ணாச்சி என்று இவனுக்குத் தீபாவளிக்குத் தீபாவளி ஸ்வீட் வேறு கொடுத்திருக்கிறேன். நினைத்தால் வயிறு எரிகிறது.

கூடப்பிறந்தவள் இதற்குக்கூட உதவாவிட்டால் வேறு யாரிடம் கேட்பேன்?

சாம்சுந்தர்

*

கோயம்புத்தூர்
3.7.2005

அன்புள்ள அண்ணனுக்கு. கர்த்தர் காத்துவருகிறார். உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுதத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அண்ணியைக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கேட்டதற்காகச் சொல்கிறேன். நானும் அந்தப் பொட்டலைப் பார்த்துத்தான் வளர்ந்தேன். சராசரியை வைத்துப் பார்த்தால் உங்கள் சீசன்தான் பெரிது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கதிரவன் அண்ணாச்சி 85-இல் பெனால்டி ஒன்றுகூட எடுக்கவில்லை, கூட ஆடிய பையன்களிடம் விட்டுவிடுவார். உங்கள் இருபத்திரண்டில் ஐந்து பெனால்டி. இதையும் கமிட்டியில் சொன்னீர்களா?

நான் ஒன்று கேட்கிறேன். ஆறு கோலும் எந்த நிமிடம், எந்தக் கால் என்று எழுதியிருந்தீர்கள். அன்றைக்குக் காலை ஒன்பது மணிக்கு நான் பொட்டல் ஓரக் கோட்டுக்கு அருகில் வந்து நின்றேன். நனைந்துபோய் நின்றேன். உங்களைக் கூப்பிட்டேன். என்னைப் பார்த்தீர்களா? பார்த்து என்ன செய்தீர்கள்? யோசித்து எழுதுங்கள். அவசரமில்லை.

தங்கை,
ஞானஜோதி

*

தாயில்பட்டி
15.7.2005

அன்புத் தங்கைக்கு. எல்லோரும் சுகம். பெரியவன் பத்தாவதில் நல்ல மார்க். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

யோசித்துப் பார்த்தேன். ஆமாம், நீ வந்தாய். நாலாவது கோலுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில். கையில் ஒரு பை வைத்திருந்தாய், புதுச்சேலை மாதிரி ஏதோ கட்டியிருந்தாய். அம்மா உன்னை எங்கேயாவது கடைக்கு அனுப்பியிருப்பாள். நான் இரு என்று கையைக் காட்டினேன். பார்த்தாயா, எவ்வளவு ஞாபகம் வைத்திருக்கிறேன்! பெனால்டியும் கோல்தான், ஜோதி. முல்லருக்கும் பெனால்டி உண்டு.

அப்படியானால் நீ அங்கேதானே இருந்திருக்கிறாய்! கதிரவன் சுவிட்சிடம் போனதைக் கண்ணால் பார்த்திருப்பாயே! இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா?

இன்னொரு சங்கதி. நான் சும்மா இருக்கவில்லை. இப்போது நான் ஃபோர்மேன், யாரை எங்கே போடுவது என்பது என் கையில். ஸ்டோரில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த கதிரவனைப் போன திங்கட்கிழமை முதல் லோடு ஏற்ற அனுப்பிவிட்டேன். சிவகாசி லாரிக்கு நாளுக்கு முந்நூறு பெட்டி. அந்த முழங்காலை வைத்துக்கொண்டு பலகையில் ஏறி இறங்குகிறான். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். மனசுக்கு அவ்வளவு நிறைவாக இருந்தது.

ஏலே என்று கூப்பிடுகிறவன், "சார், ஒரு நா லீவு வேணும்" என்று வந்து நின்றான். இல்லை என்று சொல்லிவிட்டேன்.

தாளை அனுப்பு.

அண்ணன்,
சாம்

*

கோயம்புத்தூர்
22.7.2005

அண்ணனுக்கு.

கதிரவன் அண்ணாச்சியை உடனே ஸ்டோருக்குத் திருப்பி அனுப்புங்கள். சங்கை ஊதியது அவர் இல்லை. அன்றைக்கு அவர் வராந்தா பெஞ்சை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

பெரியவனுக்கு வாழ்த்துகள்.

ஜோதி

*

தாயில்பட்டி
30.8.2005

ஜோதிக்கு. நாங்கள் சுகம். உன் சுகத்துக்குக் குறையிருக்காது என்று நம்புகிறேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு மாதம் பதில் போடப் பிடிக்கவில்லை. சொந்தத் தங்கை எவனோ ஒருவனுக்குப் பரிந்து பேசுகிறாள் என்றால் என்ன சொல்ல? அவன் எழுந்திருக்கவில்லை என்றால் சங்கு தானாகவா ஊதும்? வாட்ச்மேன் சுடலை ஆட்டம் பார்க்க வந்து என் பின்னால்தான் நின்றான். ஆபீஸில் வேறு ஆளே இல்லை. அவன் உனக்கு ஏதாவது கடிதம் எழுதிக் கெஞ்சினானா?

லோடிலிருந்து அவனை எடுக்கவில்லை. எடுக்கவும் மாட்டேன். போன வாரம் பெட்டியோடு பலகையிலிருந்து விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். நான் போய்க் குனிந்து, "இப்பவாவது சொல்லும், யாரு ஊதுனா? சொன்னா நாளைக்கே ஸ்டோருக்குப் போகலாம்" என்றேன். அவன் மேலும் கீழும் மூச்சு வாங்கிக்கொண்டு, "ஒந் தங்கச்சிட்ட கேளுலே. அவ சொன்னா சரி. எவ் வாயால வராது" என்றான். கேட்டாயா திமிரை? உன்னை அவன் பக்கம் இழுத்துவிட்டோம் என்ற தைரியம்.

செப்டம்பர் இருபத்தைந்தில் கமிட்டி கடைசியாகக் கூடுகிறது. அக்டோபர் இரண்டு, ஞாயிற்றுக்கிழமை விழா. நீ அவனுக்குச் சாதகமாக எழுதினாலும் சரி, எனக்குச் சாதகமாக எழுதினாலும் சரி, அன்றைக்கு ஆபீஸில் யார் இருந்தது என்பதை எழுத்தில் அனுப்பு. எழுதும்போது ஒன்றை நினைத்துக்கொள். அப்பா செத்த பிறகு உன்னைக் காப்பாற்றிக் கரையேற்றியது நான். நான் உனக்கு எந்தக் குறையும் வைத்ததில்லை.

சாம்சுந்தர்

*

கோயம்புத்தூர்
12.9.2005

அண்ணனுக்கு ஞானஜோதி எழுதுவது. நான் சுகம். இதை எழுதி முடித்தபின் இன்னும் சுகமாயிருப்பேன்.

குறை வைக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு முறை கேட்டேன், இரண்டு முறையும் உங்களுக்கு ஞாபகம் வரவில்லை. நானே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு மதியம் இரண்டு மணிக்கு மதுரையில் எனக்கு நர்சிங் இண்டர்வியூ. முதல் லிஸ்டில் வராமல், இரண்டாவது லிஸ்டில் கடைசிப் பெயராக வந்திருந்தேன். பாதுகாவலர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று இண்டர்வியூ கார்டில் அச்சடித்திருந்தது. அப்பா இல்லை, அம்மாவுக்குக் கையெழுத்து வராது, என் பாதுகாவலர் நீங்கள். ஆறரை பஸ்ஸுக்குக் கிளம்பி நின்றேன். மழை பிடித்தது. "ஒரே ஒரு ஆட்டம்ளா, ஒம்பதேகால் பஸ்ஸுல போயிருவோம்" என்று சொல்லிவிட்டுப் பொட்டலுக்குப் போனீர்கள். கையில் நான் வைத்திருந்தது கடைக்குப் போகிற பை இல்லை. அதில் என் சர்டிபிகேட்டுகள் பாலிதீனில் சுற்றி இருந்தன. அந்தச் சேலை சித்தியிடம் இரவல் வாங்கியது.

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். இரு என்று கையைக் காட்டினீர்கள். நீங்கள் ஐந்தாவது கோலை அடித்து, எல்லோரும் உங்களைத் தூக்கிச் சுற்றிக்கொண்டிருந்தபோது, அந்தப் பக்கம் ரோட்டில் ஒன்பதேகால் பஸ் போனது. அதை விட்டால் மதியம் வரை வேறு பஸ் இல்லை. நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதன் பிறகு டைம் ஆபீஸுக்குப் போனேன். வராந்தாவில் கதிரவன் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்த்தார், பையைப் பார்த்தார், காலை ஒதுக்கி வழி விட்டார். சங்கை நான் ஊதினேன். வெளியே வந்தபோது, "நீ போம்மா. நான் ஒண்ணும் பாக்கல" என்றார். பதினெட்டு வருடம் நீங்கள் அவரைச் சந்தேகப்பட்டுப் பேசியும், முந்நூறு பெட்டி தூக்க வைத்தும், பலகையிலிருந்து விழுந்தும், அந்த மனிதர் ஒருத்திக்குக் கொடுத்த வாக்கை விடவில்லை. அவர் காலில் நான் விழ வேண்டும்.

அதற்கு அடுத்த வருடம் எனக்கு லிஸ்டில் பெயர் வரவில்லை. அதற்கடுத்த வருடம் வயது தாண்டிவிட்டது. இன்றைக்கு நூற்று நாற்பது வெள்ளை யூனிஃபார்மைத் தினமும் என் கையால் தேய்த்து, வேறு பெண்களிடம் கொடுக்கிறேன். இதை நீங்கள் ஒருநாளும் ஏன் என்று கேட்டதில்லை.

எழுத்தில் கேட்டீர்கள். கமிட்டிக்கு முந்தாநாளே பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். அதில் எழுதியிருப்பது இதுதான்: "1987 அக்டோபர் பத்தாம் தேதி காலை மழை விட்டு வெயில் வந்தது. டைம் ஆபீஸ் கிளார்க் என்ற முறையில், கம்பெனி விதிப்படி சங்கை ஊதியது நான். கதிரவன் அவர்களுக்கு இதில் சம்பந்தமில்லை." கையெழுத்து, தேதி, விலாசம் எல்லாம் இருக்கிறது.

மழை விட்டிருந்ததா? இல்லை அண்ணா. கொட்டிக்கொண்டிருந்தது. அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அண்ணாச்சிக்கும் தெரியும். ஆனால் வேண்டுமென்றே ஊதினேன் என்று எழுதினால் மேனேஜர் இரக்கப்பட்டு அந்த ஆறு கோலைச் சேர்த்துக்கொண்டாலும் சேர்த்துக்கொள்வார். அதற்கு நான் இடம் கொடுக்கப் போவதில்லை. லீவில் இருந்தேன் என்று நான் எழுதிய கடிதத்தை நீங்கள் அவரிடம் காட்டலாம். காட்டினால் லீவு எதற்கு என்று அவர் கேட்பார். கமிட்டி முன்னால் நின்று அதைச் சொல்வதற்கு உங்களுக்குச் சம்மதம் என்றால் தாராளமாகக் காட்டுங்கள்.

அண்ணாச்சியை நாளைக்கே ஸ்டோரில் உட்கார வையுங்கள். இல்லையென்றால் இதே கதையை மழை விடாமல், இண்டர்வியூவையும் சேர்த்து எழுதி, விழா மேடையில் வாசிக்க நானே வருவேன்.

உங்களிடம் இன்னும் ஒன்றைச் சொல்ல வேண்டும். இதை யாரிடமும் சொன்னதில்லை. ஐந்தாவது கோலுக்கும் சங்குக்கும் நடுவில் பத்து நிமிடம் இருந்தது. நான் ஆபீஸுக்குள் போனவுடனே சுவிட்சில் கை வைத்துவிட்டேன். கை வைத்தபடியே ஜன்னல் வழியாக ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது உங்கள் கணக்கு இருபத்தேழு, அண்ணாச்சியின் ரெக்கார்டுக்குச் சமம். நீங்கள் நாலு பேரைத் தாண்டிப் போனதைப் பார்த்தேன், கோலியை உட்கார வைத்ததைப் பார்த்தேன். நீங்கள் சொன்னது நிஜம், அது மாதிரி ஒரு கோலை நானும் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. அது உள்ளே போய், நீங்கள் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு சேற்றில் ஓடி, இருபத்தெட்டு, இருபத்தெட்டு என்று கத்துகிற வரைக்கும் காத்திருந்துதான் அமுக்கினேன்.

ஞானஜோதி